வலுவும் தத்துவமும் அதிகாரமும்

பதினோராந் தர மாணவன் ஒருவன் சென்ற தவணையில் மூன்று பாடநூல்களை எமது மேசைமேற் கொண்டுவந்து வைத்தான். விஞ்ஞான நூலிலே, ஓர் இயந்திரம் ஒரு செக்கனிற் செய்யும் வேலையின் அளவு 'வலு' எனப்பட்டிருந்தது. கணித நூலிலே, நூறும் ஆயிரமும் பத்தின் 'வலுக்கள்' எனப்பட்டிருந்தன. குடியியல் நூலிலே, சட்டம் ஆக்குவோரையும் அதனை நிறைவேற்றுவோரையும் வழக்குத் தீர்ப்போரையும் வேறுவேறாக வைத்தல் 'வலுவேறாக்கம்' எனப்பட்டிருந்தது. "சேர், மெசினுக்கும் வலு, பத்துக்கும் வலு, பாராளுமன்றத்துக்கும் வலு எண்டால், இது மூண்டும் ஒண்டோ?" என்று அவன் கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

மூன்றும் ஒன்றல்ல. ஆங்கிலத்திலே மூன்றுக்கும் 'பவர்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது என்பதைத் தவிர, இம்மூன்றையும் ஒரு சரட்டிற் கோப்பதற்கு வேறு நியாயம் இல்லை. மொழிபெயர்த்தோர் பொருளைப் பார்த்தாரல்லர். ஆங்கிலச் சொல்லின் எழுத்தைப் பார்த்தனர். யாழ்ப்பாணத்தான் வாயில் 'வலு' என்பது 'மிக' என்ற பொருளில் உயிரோடு உலவுகிற சொல். வலு கெட்டிக்காரன், வலு சந்தோசம் என்று நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளை, வலுவேறாக்கம் என்றதும் எதையோ வெகுதூரம் விலக்கி வைப்பதாகக் கருதினால் குற்றம் பிள்ளையினதா?

முதலில் அம்மூன்று பொருள்களையும் தனித்தனியே நோக்குவோம்.

எமது தோட்டக்காரருக்குப் பௌதிகவியலார் கூறும் வலு புதிதன்று. ஆயிரம் லீற்றர் நீரை ஆறு மீற்றர் ஆழத்திலிருந்து துலாவினால் இறைத்தாலும் மெசினால் இறைத்தாலும் செய்த வேலை ஒன்றே. துலாவுக்கு ஒரு மணித்தியாலமும் மெசினுக்கு ஐந்து நிமிடமும் சென்றனவாயின், மெசினின் வலு துலா மிதித்தவரின் வலுவைப்போற் பன்னிரண்டு மடங்கு. வேலையைக் காலத்தால் வகுத்துப் பெறும் இக்கணியம் உவாற்று என்னும் அலகினால் அளக்கப்படுகிறது. வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சுகிறவன் 'இரண்டு கோஸ்பவர் மெசின்' என்று சொல்லும்போது இப்பொருளைத்தான் பிழையின்றிச் சொல்கிறான்.

கணிதத்திலே நிகழ்வது வேறு. பத்தைப் பத்தாற் பெருக்கி, வந்ததை மீண்டும் பத்தாற் பெருக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் செயல் அது. அங்கே வேலையும் இல்லை, காலமும் இல்லை. பண்டைக் கிரேக்கக் கணிதர் ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு, ஆற்றல் என்று பொருள்படும் தம்மொழிச் சொல்லை வழங்கினர். அதனை இலத்தீன் மொழிபெயர்த்துக் கொண்டது. இலத்தீனின் வழிவந்தது ஆங்கில வழக்கு. ஆகவே ஆங்கிலத்திலும் இச்சொல் வரலாறு விட்டுச்சென்ற எச்சமேயன்றி ஆராய்ந்து தேர்ந்த பெயர் அன்று. தமிழ்நாட்டார் இதனை 'அடுக்கு' என்கின்றனர். செயலைக் கண்டு இட்ட பெயர் அது. முதல் நாளிலேயே பிள்ளைக்கு அது விளங்கும். நமக்கோ கிரேக்கன் விட்ட எச்சம், ஆங்கிலேயன் கைவழியாக, வலு என்ற பெயரோடு வந்து சேர்ந்திருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையிலும் 'பவர்' உண்டு. வில்லையின் குவியத் தூரத்தை மீற்றரில் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது அது. அரை மீற்றர் குவியத் தூரமுள்ள வில்லைக்கு அது இரண்டு. இதற்கும் நம் பாடநூல் தரும் பெயர் வலுவே. ஒளிக்கதிரை வளைக்கும் தன்மையை வலு என்று சொல்வதிற் பெரும் பிழையில்லை என்று இதனை விட்டுவிடலாம்.

மூன்றாவதாகிய அரசின் 'பவரை' அவ்வாறு விட இயலாது. 1748ஆம் ஆண்டு மொந்தெஸ்கியூ எழுதிய நூலினால் உலகெங்கும் பரவிய அக்கொள்கை எதைப் பிரிக்கச் சொல்கிறது? ஒரு மனிதன் மற்றொரு மனிதனைப் பணிக்கும் உரிமையைப் பிரிக்கச் சொல்கிறது. சிறையிலிடவும் வரி அறவிடவும் காணியைச் சுவீகரிக்கவும் வல்ல கை ஒன்றாய் இருத்தலாகாது என்கிறது. இதற்குத் தமிழில் எவரும் அறிந்த சொல் அதிகாரம். தமிழ்நாட்டு மாணவன் அதிகாரப் பிரிவினை என்று படிக்கிறான். நம் மாணவன் வலுவேறாக்கம் என்று மனனஞ் செய்கிறான், பரீட்சைக்கு எழுதுகிறான், பரீட்சை முடிந்ததும் மறக்கிறான். பொலிசு நிலைய வாசலில் நிற்கும்போது, தான் படித்த பாடம் தன்னைப் பற்றியதே என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

இனிச் சட்டத்துறைக்குச் செல்வோம். அங்கே இதே ஆங்கிலச் சொல் வேறு வேடம் புனைந்துகொள்கிறது. நம் நாட்டுச் சட்டத்தமிழில் 'பவர்' என்றால் தத்துவம். அமைச்சரின் தத்துவங்களும் கடமைகளும் என்று சட்டங்கள் பேசுகின்றன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மூன்றாம் உறுப்புரையில், மக்களது இறைமையினுள் அடங்குவனவற்றை எண்ணும்போது, முதலில் வைப்பது ஆட்சித் தத்துவங்களை.

எம்மூர் மூதாட்டி ஒருவர் கனடாவிலுள்ள மகளிடம் செல்ல ஆயத்தமாயிருந்தார். காணியையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவருக்கு எழுதிக்கொடுக்கவேண்டியதென்று கூறப்பட்ட தாளொன்றை எம்மிடம் கொண்டுவந்து, "தம்பி, இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லு. தத்துவம் எண்டு போட்டிருக்கு. கோயிற் சங்கதியோ?" என்று கேட்டார். அது அற்றோணித் தத்துவம். பார்த்துக்கொள்ளுதல் என்பதோடு அது நிற்கவில்லை. விற்கவும் ஈடுவைக்கவும் நன்கொடை செய்யவும் அவ்வுறவினருக்கு அது உரிமை வழங்கியது. சைவபோதம் படித்த அவ்வம்மையார் முப்பத்தாறு தத்துவங்களை வரிசை பிசகாமற் சொல்ல வல்லவர். முப்பத்தேழாவது தத்துவம் ஒன்று நொத்தாரிசின் மேசையில் உண்டென்றும், அது தம் வளவையே விழுங்க வல்லதென்றும் அவருக்கு யார் சொன்னார்? 'என் காணியை விற்கும் அதிகாரத்தை இன்னாருக்குக் கொடுக்கிறேன்' என்று தலைப்பிலே எழுதியிருந்தால், அவர் எம்மிடம் வந்திரார். தாமே வாசித்துப் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அன்று அவர் ஒப்பமிடவில்லை. எம்மிடம் வராமல் ஒப்பமிட்டோர் எத்துணைப் பேர்?

தத்துவம் என்பதற்கு வலிமை என்னும் பழம்பொருள் உண்டென்று வாதிடுவோர் உளர். இருக்கட்டும். அகராதியில் உறங்கும் பொருளை எழுப்பி உறுதியிலே உட்காரவைத்தால், அதனாற் பயன்பெறுபவன் அகராதி வாசிக்கத் தெரிந்தவன். நட்டமடைபவள் ஒப்பமிட மட்டும் அழைக்கப்படுபவள்.

இப்பொழுது நாம் சொல்லவந்தது தெளிவாகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களுக்கு நமது சொற்றொகுதிகள் ஒரே சொல்லைத் தந்துள்ளன. ஒன்றேயான பொருளுக்கோ மூன்று சொற்களைத் தந்துள்ளன. இறைக்கும் மெசினும் பத்தின் அடுக்கும் வில்லையும் அரசாங்கமும் ஒரு வலுவிற் கட்டுண்டன. அரசின் அதிகாரமோ, பள்ளிக்கூடத்தில் வலுவாகவும் சட்டப்புத்தகத்தில் தத்துவமாகவும் பத்திரிகையில் அதிகாரமாகவும் மூன்று துண்டாயிற்று. பிரிக்கவேண்டியதைச் சேர்த்தோம், சேர்க்கவேண்டியதைப் பிரித்தோம்.

இது புலவர்களின் சொற்பூசல் அன்று. கடந்த எழுபதாண்டுகளில் இத்தீவின் தமிழ்மக்கள் அரசியலிற் கேட்டது யாது? 1957ஆம் ஆண்டு யூலையிற் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை பிரதேச சபைகளுக்கு எவற்றைக் கொடுப்பது என்பதைப் பற்றியது. அடுத்த ஆண்டு அது கிழித்தெறியப்பட்டது. 1965ஆம் ஆண்டு டட்லி சேனநாயக்கவோடு செய்த ஒப்பந்தம் மாவட்ட சபைகளைப் பற்றியது, அதுவும் நிறைவேறவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளை அமைத்து, எது மத்திக்கு, எது மாகாணத்துக்கு, எது இருசாராருக்கும் என்று மூன்று நிரல்களாக வகுத்தது. வட மாகாண சபைக்கு 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. இத்துணைக் காலமும் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஒலித்தது அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல். காணி அதிகாரம், பொலிசு அதிகாரம் என்று சந்தையிலும் வாதிட்டனர். ஆனால் அந்த அதிகாரம் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு மறுக்கப்பட்டது என்று அறியச் சட்டத்தைத் திறக்கும் எளிய வாசகன் அங்கே காண்பது தத்துவம். தான் தேடிவந்த பொருள் தன் கண்முன் இருந்தும் அவனால் அதனை இனங்காண இயலவில்லை. பள்ளியிற் கற்ற வலு அவனுக்கு உதவவில்லை. பத்திரிகை தந்த அதிகாரம் உதவவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு அப்புக்காத்தரிடம் செல்கிறான். அல்லது தலைவர் சொன்னதே வேதம் என்று திரும்புகிறான். மக்கள் வாசிக்கமாட்டாத சட்டத்தினால் வாழ்பவர் இருவர்: அதனை விளக்கிப் பணம் பெறுபவரும், விளக்காமல் வாக்குப் பெறுபவரும்.

சிங்கள வாசகனுக்கு இவ்விடத்தில் நம்மளவு இடர்ப்பாடு இல்லை. அரசியல் மேடை கூறும் 'பலய' என்பதும் சட்டநூல் கூறும் 'பலதல' என்பதும் ஒரே வேரின. பௌதிகத்தில் வேலை நிகழும் வீதத்துக்கோ 'ஜவய' என்ற வேறு சொல்லை அவர்கள் வைத்துள்ளனர். அவர்களது கலைச்சொற்கள் குறையற்றவை என்று நாம் கூறவரவில்லை. ஆயினும் மேடையிற் கேட்டதைச் சட்டத்திற் கண்டுகொள்ள அம்மொழி இடந்தருகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தமிழின் வறுமையன்று. வலிமையின் வகைகளை நிறுத்துப் பார்க்கத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறள் நம்முடையது. செயலின் வலிமை வேறு, தன் வலிமை வேறு, பகைவன் வலிமை வேறு, துணைவரின் வலிமை வேறு என்று பிரித்தறியக் கற்பித்த மொழி இது. காரணம் வேறிடத்தில் உள்ளது. இந்நாட்டில் நிறைவேறும் சட்டங்களின் இறுதி வாசகத்தைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கு எழுதப்பட்டிருக்கும். 1987ஆம் ஆண்டின் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. இவ்வாசகமோ நின்று நிலைக்கிறது. வழக்கு வந்தால் தோற்கும் என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கப்பட்ட உரையைச் செம்மையாக எழுத யாருக்கு அக்கறை பிறக்கும்? நீதிமன்றிலே சொல்லுக்குச் சொல் எடுத்து வாதிடப்படும் உரைதான் கூர்மை பெறும். தமிழ் உரை வாதத்துக்கு உரியதன்று, வைப்பதற்கு உரியது. அலுமாரியில் வைக்கும் வாளுக்குச் சாணை பிடிப்பாரில்லை.

எனினும் பழி முழுவதையும் அரசின் தலையிற் சுமத்தி நாம் கைகழுவுதல் நேர்மையன்று. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தினூடாகப் பாடந்தோறும் சொற்றொகுதிகள் வெளிவந்தபோது அவற்றை ஆக்கியோர் நம்மவரே. குறுகிய காலத்திற் பெரும்பணி செய்தனர். அவர்களது உழைப்பினாலேயே கூலியாளின் பிள்ளையும் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்றது. அதனை மறப்பது நன்றிகொன்றதாகும். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் சீர்மையைச் சிலவிடத்து மிகையாகப் போற்றினர். சட்டத்தாரும் பள்ளியாரும் ஒருவர் சொல்லை ஒருவர் பாராமலே எழுதினர். அடுத்த தலைமுறையினராகிய நாம் அதனைத் திருத்தவேண்டியவராயிருந்தும் மனனஞ் செய்யவைத்தோம். ஆசிரியராகிய எமக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு.

இங்கே இருசாரார் குறுக்கிடுவர். ஒருசாரார், "ஆங்கிலத்திலேயே படிப்பித்தால் தொல்லை தீர்ந்தது" என்பர். எத்தொல்லை தீரும்? ஆங்கிலத்தில் அச்சொல் ஒன்றே. குழப்பம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலேயப் பிள்ளை வீட்டிலும் வீதியிலும் கேட்டு அப்பொருள்களைப் பிரித்தறிகிறது. சுன்னாகத்துப் பிள்ளைக்கு அந்த வீடும் இல்லை, வீதியும் இல்லை. தாய்மொழியிலே ஐந்து பொருளுக்கு ஐந்து சொல் தரக்கூடிய நிலையில் இருந்துகொண்டு, ஐந்தையும் பிதுக்கி அடைத்த ஒரு சொல்லை இரவல் கேட்பது அறிவுடைமையா? மற்றொருசாரார், "இவையெல்லாம் வடசொற் கலப்பினால் வந்த கேடு, தூய தமிழிற் புதிதாய் ஆக்குவோம்" என்பர். வலு தமிழ்தானே, அது செய்த குழப்பத்தைக் கண்டோம். அதிகாரம் வடமொழி வழிவந்தது. அதனை அறியாத தமிழன் இல்லை. ஒரு சொல் எவ்வூரிற் பிறந்தது என்பதன்று கேள்வி. யார் கையில் அது வேலை செய்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைச் செயலிற் காட்டியவர் ஒருவர் இம்மண்ணிலேயே வாழ்ந்தார். 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, 1864ஆம் ஆண்டு முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மிசன் கொள்கையில் அவரோடு நாம் உடன்படவேண்டுவதில்லை; வேலை முறையைக் கற்கலாம். அவரும் அவர் மாணவரும் தமிழில் உள்ள சொல்லை முதலிலே தேடினர்; அது கிடையாவிடத்து வடமொழியை நாடினர்; அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்தனர். 1875ஆம் ஆண்டு வெளிவந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டனர். அப்பெயர் இன்று வழக்கில் இல்லை; இரசாயனவியல் என்கிறோம். அதில் இழுக்கு என்ன? கற்போர் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். கற்றதை நோயாளியின் பாயருகே பேசிப் பார்த்தனர். வேலைக்கு வந்த சொல் தேய்ந்தால் மாற்றலாம். வேலைக்கே வராத சொல்லுக்குத் தேய்வும் இல்லை, திருத்தமும் இல்லை. 1930களிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல் ஆக்கியபோது நம் விபுலானந்த அடிகளும் அதிற் பங்குகொண்டார். கடல் அன்று தடையாய் இருக்கவில்லை. இன்றோ நம் மாணவன் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் பாடத்தைக் கேட்கிறான். அவர் 'திறன்' என்கிறார். நம் நூல் 'வலு' என்கிறது. அவர் 'ஆற்றல்' என்கிறார். நம் நூல் 'சக்தி' என்கிறது. ஒரே தாளில் ஒப்புநோக்கு அட்டவணை ஒன்று அச்சிட்டு நூலின் பின்னட்டையில் ஒட்டினாற் போதும். அதனைச் செய்வாரைக் காணோம்.

ஆகவே நாம் கேட்பன பெரியன அல்ல. வலு இயந்திரத்துக்கும் மின்னுக்கும் வில்லைக்கும் இருக்கட்டும். பழகிவிட்டது, பொருந்தவும் செய்கிறது. கணிதத்துக்கு அடுக்கு வரட்டும். குடியியல் நூலில் அரசைப் பற்றிப் பேசும் இடமெங்கும் அதிகாரம் என்றே வரட்டும். சட்டங்களும் உறுதிகளும் தத்துவத்தை நீக்கி அதிகாரம் என்று எழுதட்டும். நெடுநாள் வழக்கென்று தயங்கினால், முதற் பக்கத்திலேனும் 'தத்துவம் என்பது அதிகாரம்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். சொல்லாக்கக் குழுக்களில் பேராசிரியரோடு வகுப்பறை ஆசிரியரும் நொத்தாரிசும், உறுதியில் ஒப்பமிடப்போகும் மூதாட்டியும் அமரட்டும். அம்மூதாட்டிக்கு விளங்காத சொல் தோற்றதெனக் கொள்ளப்படட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் உரை நீதிமன்றில் நின்று வாதிடும் தகுதியைப் பெறவேண்டும் என்று கேட்போம். அத்தகுதி வராதவரை மற்றவை யாவும் அலங்காரமே.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் இக்குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. போத்தல் விளக்கின் ஒளியிலே எழுத்துக் கூட்டிய தலைமுறையினர் நாம். மாலைவேளையிற் சைக்கிளை நிறுத்திப் பின்சில்லைச் சுழலவிட்டு, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து வானொலியிற் கொழுவிப் பெரியவர்கள் செய்தி கேட்டனர். மிதித்தது நாம். ஏறத்தாழ மூன்று உவாற்று. அந்த மூன்று உவாற்றில் வந்த செய்தியோ, எங்கோ இருந்த யாரோ எங்கள் ஊரைப்பற்றி என்ன தீர்மானித்தார் என்பது. மிதிக்கும் கால் நம்முடையது. தீர்மானிக்கும் கை நம்முடையதன்று. வலுவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கற்றது அங்கேதான், எந்தப் பாடநூலிலும் அன்று.

மூன்று நூல்களோடு வந்த மாணவனுக்கு இக்கதையைச் சொன்னோம். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. அவன் குடியியல் நூலைத் திறந்து, வலுவேறாக்கம் என்ற தலைப்பின்மேற் பென்சிலால் ஒரு கோடு கீறி, மேலே அதிகாரம் என்று எழுதினான். அரச சொத்தாகிய பாடநூலில் எழுதலாகாது என்பது விதி. நாம் கண்டும் தடுக்கவில்லை.